வீட்டு வாசலில் ஓர் எஞ்சின்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் சார் போன் பண்ணி, "ஏதாவது தொழில்நுட்பத் தலைப்பில் இருபது நிமிஷம் பேசணும்" என்றார். ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று இரண்டு மூன்று தலைப்புகளையும் எடுத்துக் கொடுத்தார். அவற்றைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் பேச வந்தது ரொம்பச் சின்ன விஷயம். 2023-ல் ஒன்பது வாரம், சனி ஞாயிறுகளில், என் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் எஞ்சினைப் பிரித்து மாட்டினேன். அதில் கற்றுக்கொண்டதையும், அதனால் உங்களிடம் கேட்க வந்திருக்கும் ஓர் உதவியையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்தான். 1996-ல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. நாம் பட்டம் வாங்கிய 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையைத் திறந்தார்கள். 2012-ல் டெய்ம்லரின் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இன்று காலை ஆறு மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டில் நின்றால் ஷிஃப்ட் பஸ்களை எண்ணி முடிக்க முடியாது. ஹூண்டாயின் இரண்டு ஆலைகளின் உற்பத்தித் திறன் மட்டுமே ஆண்டுக்கு எட்டு லட்சம் கார்களுக்கு மேல். ராப்பகலாக ஓடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய நாற்பது வினாடிக்கு ஒரு கார்!

அப்படிப்பட்ட வட்டாரத்தில் பதின்மூன்று வருஷம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தபிறகும், 2023 வரை ஓர் எஞ்சினை முழுசாகப் பிரித்தது கிடையாது. இது என் ஒருவன் கதை இல்லை. எங்கள் தொழிலின் அமைப்பே அப்படித்தான். லைனில் ஒரு போல்ட்டை முறுக்குகிறவர் கையில் மின்சார நட்ரன்னர் இருக்கும். எத்தனை முறுக்கு விசை, எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டர் சொல்லும், பதிவும் செய்துகொள்ளும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், எஞ்சின் அடுத்த இடத்துக்கு நகரும். சிவப்பு எரிந்தால் லைன் நிற்கும். தப்பு நடக்கவே முடியாதபடி செய்வதுதான் அந்த ஏற்பாட்டின் பெருமை. நான் அதை மதிக்கிறேன், என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் போல்ட் ஏன் அவ்வளவு முறுக்கப்பட வேண்டும் என்ற அறிவு அந்த மெஷினுக்குள்ளே போய்விட்டது. விளக்கின் முன்னால் நிற்கிறவருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

இது எனக்கு உறைத்தது ஒரு தம்பியின் வார்த்தையால். எங்கள் பகுதியில் ஒப்பந்தப் பயிற்சியாளராக இருந்தவர், டிப்ளமோ முடித்தவர், வயது இருபத்தொன்று. ஒப்பந்தம் முடிய நாலு மாசம் இருக்கும்போது கேன்டீனில் என்னிடம் சொன்னார்: "சார், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல போல்ட் டைட் பண்றேன். நாளைக்கு வெளிய போனா, எனக்கு என்ன வேலை தெரியும்னு கேட்டா என்ன சார் சொல்றது? போல்ட் டைட் பண்ணத் தெரியும்னு சொல்றதா?"

என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்போது என்ன பாடுபட்டன என்று இங்கே பலருக்கு நேரிலேயே தெரியும். லைன் நின்றுபோனால் நம் கையோடு வெளியே வருவது எது? அந்தத் தம்பி கேட்டது அதைத்தான்.

இப்போது காருக்கு வருகிறேன்.

என் அப்பா 2001-ல், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கடன் போட்டு வாங்கிய சான்ட்ரோ. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. 999 சி.சி., நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு. உள்ளே இழுக்க இரண்டு, வெளியே தள்ள ஒன்று. கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். என் அக்கா கல்யாணம், என் கல்லூரி அட்மிஷன், என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, எல்லாம் அந்த வண்டியில்தான். இருபத்திரண்டு வருஷ ஓட்டத்துக்குப் பிறகு புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயில் குடித்தது.

பழைய கார் வாங்குகிறவர் இரும்பு விலைக்குக் கேட்டார். தெரிந்த மெக்கானிக், "புதுப்பேட்டையில இருந்து ஒரு எஞ்சின் எடுத்து மாட்டிடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது மட்டும், "ஊருக்கே எஞ்சின் செஞ்சு குடுக்கறீங்க. இது ஒண்ணைச் சரி பண்ண முடியாதா?" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். தம்பியையும் கூப்பிட்டேன். "சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு" என்றேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நின்றார்.

முதல் வேலை நோய் என்ன என்று கண்டுபிடிப்பது. புகையின் நிறமே பாதி சொல்லிவிடும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். விடாமல் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வு சீல், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் ரிங்.

சந்தேகத்தை எண்ணால் உறுதி செய்ய கம்ப்ரெஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, செல்ஃப் அடித்துப் பார்ப்பது. மூன்று சிலிண்டர் பன்னிரண்டு கிலோவை ஒட்டிக் காட்டின. மூன்றாவது சிலிண்டர் எட்டுதான். அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தோம். பதினொன்றுக்கு ஏறியது! ஊற்றிய ஆயில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை அடைத்ததால் ஏறுகிறது. அப்படியென்றால் கோளாறு ரிங்கில், அல்லது சிலிண்டர் சுவரில். வால்வில் கசிவு என்றால் ஆயில் விட்டாலும் ஏறாது. இவ்வளவுதான் பரீட்சை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கேஜும், ஒரு ஸ்பூன் ஆயிலும். தம்பி அந்த எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு இன்றைக்கும் அவரிடம் இருக்கிறது.

அடுத்து இறக்குவது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். இந்த வகை எஞ்சினில் பெட்ரோல் பைப்பில் அழுத்தம் நிற்கும், அப்படியே பிடுங்கினால் முகத்தில் அடிக்கும். அதனால் அதற்கு முன்பே பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டிருந்தோம். ஒவ்வொரு ஹோஸிலும் ஒயரிலும் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் போட்டோம், செல்போனில் படம் எடுத்தோம். போல்ட்டுகளுக்கு ஓர் உபாயம் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப் பெட்டியில் பாகத்தின் படத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்த போல்ட் இருந்ததோ அந்த இடத்திலேயே துளை போட்டுக் குத்தி வையுங்கள். நீளமான போல்ட் போக வேண்டிய இடத்தில் குட்டையானது போனால் மரை பிய்யும். குட்டைக்கு நீளம் போனால் அடியில் முட்டி பிளாக்கே விரிசல் விடலாம். அட்டையைப் பாதுகாக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றுக்கொண்டாள். தினமும் எண்ணிப் பார்த்துக் கணக்கு சொல்வாள்.

எஞ்சினைத் தூக்க மூன்று இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். தொங்குகிற எஞ்சினுக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது என்பது முதல் சட்டம். பயந்துகொண்டே இறக்கி, பழைய லாரி டயர் மேல் உட்கார வைத்தபோது என் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவ்வளவுதானா எஞ்சின்? பாத்தா சின்னதா இருக்கே" என்றார்கள்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு வரிசை உண்டு. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒரே மூச்சில் இல்லாமல், சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். மாட்டும்போது அதற்கு நேர் எதிர்: நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும். காரணம் எளிது. ஹெட் அலுமினியம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் நீங்கினால் வளைந்துவிடும். நம் பாட்டிமார் பெரிய வடாத்துணியை விரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுவார்களே, மாட்டுகிற வரிசையும் அதே நியாயம்தான். நடுவில் இறுக்கினால் காஸ்கட்டில் உள்ள தொய்வு ஓரத்துக்குப் போய் வெளியேறும்.

ஹெட்டை எடுத்ததும் சிலிண்டருக்குள் விரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தோம். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடம் அது. அதற்கு மேலே ரிங் போகாததால் தேய்வதில்லை. அதற்குக் கீழே தேய்கிறது. இருபத்திரண்டு வருஷ ஓட்டம் அந்த ஒரு படியில் எழுதியிருந்தது.

பேரிங் மூடிகளுக்கு வருகிறேன். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மூடிகளையும், கனெக்டிங் ராடின் மூடிகளையும் அந்தந்த இடத்தில் மாட்டி வைத்தே துளையைக் கடைவார்கள். அதனால் ஒரு மூடி இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. கண்ணுக்குப் பொருந்துவது போலத் தெரியும், கிராங்க் சுற்றாது. ஒவ்வொன்றிலும் பஞ்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குத்தி, எந்தப் பக்கம் முன்பக்கம் என்றும் அடையாளம் போட்டுவிட்டுத்தான் கழற்றினோம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழுவினோம். மிகைப்படுத்தவில்லை, மூன்று வாரம்! லாரிப் பட்டறை நடத்தும் ஓர் அண்ணன் எங்கள் தெருவில் இருக்கிறார். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சினு எங்கயும் ஓடிப்போவாது. மொதல்ல நல்லாக் கழுவு. அழுக்கோட மாட்டினா ஆறு மாசத்துல திரும்பப் பிரிப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தோம். கடைசித் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் ஆகாது, நூல் பிரிந்து ஆயில் துவாரத்தில் போய் அடைக்கும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்தினோம். கழிவு ஆயிலை ஒரு சொட்டுகூடச் சாக்கடையில் விடவில்லை. கேனில் பிடித்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்தோம். நம் பக்கத்து மிகைநீர் கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. சென்னை குடிக்கிற தண்ணீர் அது.

கழுவியபிறகு அளவு. இந்த இடத்தில்தான் நம் கல்லூரி எனக்குத் துணைக்கு வந்தது. மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைப் பிடிக்கக் கற்றுத் தந்த சார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். "திருகை இறுக்காதே, ரேட்செட் மூணு தடவை சொடுக்கட்டும்" என்று அவர் சொன்ன வார்த்தையைத்தான் தம்பியிடம் சொன்னேன். சிலிண்டரின் உள்விட்டத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்காக இரண்டு திசையில் அளக்க வேண்டும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு, நாலுக்கும் இருபத்துநாலு. புதிதாக இருக்கும்போது 66 மில்லிமீட்டர். எங்கள் மூன்றாவது சிலிண்டரில் மேல்பக்கம் 66.11. மற்ற மூன்றும் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. தலைமுடி ஒன்றின் கனம்தான் இந்த வித்தியாசம். அதற்குத்தான் அவ்வளவு புகை!

அந்த அளவைப் பார்த்து, நாலு சிலிண்டரையும் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி ரீபோர் செய்வது என்று முடிவு செய்தோம். ரீபோர் பட்டறைக்குப் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே இருந்த பெரியவர் பிளாக்கைப் பார்க்கவே இல்லை. "பிஸ்டன் எங்கப்பா?" என்றார். இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றோம். "பெட்டி மேல போட்டிருக்கிற சைஸை நம்பி நான் போர் பண்ண மாட்டேன். பிஸ்டனைக் கொண்டா, அதை அளந்து பாத்துட்டுத்தான் மெஷின்ல ஏத்துவேன்" என்றார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஆகவே பிஸ்டன் எவ்வளவோ அதற்கு ஏற்பத்தான் துளை. எங்கள் ஆலையில் இதே காரியத்தைத் தானியங்கி அளவு மெஷின் செய்து, பொருத்தமான ஜோடியைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு நாங்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவருக்குப் பெயர் தெரியாது, காரியம் தெரியும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் அலைந்து பிஸ்டன், ரிங், பேரிங், காஸ்கட் செட் வாங்கிக் கொடுத்தோம்.

பிளாக் திரும்பி வந்தபோது சுவரில் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஓடின. ஹோனிங் கல்லின் தடம். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருப்பதுதான் நல்லது என்று தம்பி நினைத்திருந்தார். வழவழப்பான சுவரில் ஆயில் நிற்காது, அந்தக் கோடுகளில்தான் தங்கும். புது ரிங் உட்கார்ந்து பழகுவதற்கும் அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுமுன் சிலிண்டருக்குள் தனியாக விட்டு, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். எங்களுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் வந்தது. அந்த இடைவெளி எதற்கு? ரிங் சூட்டில் நீளும். நீள இடமில்லை என்றால் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிடும். பிஸ்டனில் மூன்று ரிங்குகளையும் ஏற்றும்போது அந்த வாய்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று வராமல் திருப்பி வைக்க வேண்டும். நேராக வந்தால் வாயு தப்பிக்க ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரி.

தம்பி அந்த ஃபீலர் கேஜைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சார், லைன்ல கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு முறுக்கு குறைஞ்சா சிவப்பு எரியுது. ஏன்னு இப்பத்தான் புரியுது. மூடி சரியா உக்காரலைன்னா பேரிங் வட்டமா இருக்காது, ஆயில் படலம் அறுந்துடும். அப்படித்தானே?" அப்படித்தான். ஒன்றரை வருஷமாக அவர் தினமும் ஆயிரம் முறை செய்த வேலை, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சொந்தமாயிற்று.

மாட்டும் வேலை இரண்டு வாரம். டார்க் ரெஞ்ச், சர்வீஸ் மேனுவல், மகளின் அட்டை. ஒருவர் முறுக்க, மற்றவர் மேனுவலைப் படித்து, முறுக்கிய போல்ட்டில் பெயின்ட் பேனாவால் கோடு போடுவது என்று வைத்துக்கொண்டோம். டைமிங் பெல்ட் மாட்டியபிறகு செல்ஃப் போடவே கூடாது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. ஆகவே ஸ்பேனரை வைத்துக் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். எங்கேயாவது முட்டினால் நிறுத்திவிட வேண்டும். கைக்குத் தெரிகிற முட்டல் செல்ஃப் மோட்டாருக்குத் தெரியாது, அது வால்வை வளைத்துவிட்டுத்தான் நிற்கும்.

எல்லாம் மாட்டி வண்டிக்குள் இறக்கியபிறகு, ஸ்பார்க் பிளக் இல்லாமல், ஃபியூஸ் இல்லாமல், செல்ஃபை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஆயிலை எல்லா இடத்துக்கும் ஏற்றினோம். பிறகு பிளக் போட்டு, ஃபியூஸ் போட்டுச் சாவியைத் திருப்பியது அப்பா. இரண்டாவது தடவையில் பிடித்தது. ஐந்து நிமிஷம் பழைய மண்ணெண்ணெயும் ஆயிலும் எரிந்து தெருவே புகை. பிறகு சுத்தமாகிவிட்டது. ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டாமல் ஓட்டினோம். மறுபடி கம்ப்ரெஷன் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஒன்றோடொன்று அரை கிலோவுக்குள். வாடகை, ரீபோர், சாமான் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்கு உள்ளே முடிந்தது. என் மனைவி மண்ணெண்ணெய் வாசனைக்குத் தனியாக பில் போட்டிருக்கிறார், அது இன்னும் தீரவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். "இதெல்லாம் எதுக்கு? எஞ்சின் காலமே முடியப் போவுதே. 2025 ஜனவரியில் அதே ஹூண்டாய் கிரெட்டாவை மின்சார வண்டியாக விட்டுவிட்டதே" என்று. நியாயமான கேள்வி. மின்சார மோட்டாரிலும் ஷாஃப்ட் பேரிங்கில்தான் சுற்றுகிறது. அங்கேயும் இடைவெளி உண்டு, முறுக்கு உண்டு, வரிசை உண்டு, சுத்தம் உண்டு. அந்த ஒன்பது வாரத்தில் நாங்கள் கற்றது பிஸ்டனைப் பற்றி மட்டும் என்றால் கேள்வி சரி. அனுமானிக்காமல் அளப்பது, அளந்ததை எழுதி வைப்பது, ஏன் என்று தெரிந்து இறுக்குவது, இவை எந்த வண்டிக்கும் வேண்டியவை. அதுபோக, இன்றைக்கு நம் ரோட்டில் ஓடுகிற கோடிக்கணக்கான எஞ்சின்களுக்கு இன்னும் பல வருஷம் வைத்தியர்கள் வேண்டும்.

அந்தத் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. இரண்டு மாசம் சும்மா இருந்தார். அது சிரமமான இரண்டு மாசம், அதை நான் மறைக்க விரும்பவில்லை. பிறகு ஒரு வாகன சர்வீஸ் சென்டரில் நேர்காணலுக்குப் போனார். சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துப் போயிருக்கிறார். இருபத்துநாலு அளவையும் பார்த்த மேற்பார்வையாளர், "இதை யார் அளந்தது?" என்று கேட்டாராம். "நான்தான் சார்" என்றாராம். இன்றைக்கு அங்கே எஞ்சின் பிரிவில் இருக்கிறார். சம்பளம் பெரிசு இல்லை. ஆனால் என்ன வேலை தெரியும் என்று கேட்டால் இப்போது அவரிடம் பதில் இருக்கிறது.

நான் கேட்க வந்த உதவி இதுதான். நம் துறையின் லேபில் சிவப்பு, மஞ்சள், நீலப் பெயின்ட் அடித்த வெட்டுத்தோற்ற எஞ்சின் ஒன்று இருக்கிறது. நாம் எல்லோரும் அதைப் பார்த்தே பட்டம் வாங்கினோம். பார்ப்பதற்கு நல்லது, பிரிக்க முடியாது. பிரித்து மாட்டி ஓட்டிக் காட்டுவதற்கென்று ஓர் எஞ்சின் வேண்டும். 2010-ஆம் ஆண்டுப் பிரிவு நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய எஞ்சினும், அதை மாட்டி வைக்கும் ஸ்டாண்டும் வாங்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். சங்கம் இரண்டு செட் சாக்கெட், ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு போர் கேஜ், ஒரு செயின் பிளாக் வாங்கித் தரலாம். ஆலைகளில் வேலை பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் மாதம் ஒரு சனிக்கிழமை வரலாம். எங்கள் தெருப் பட்டறை அண்ணனையும், ரீபோர் பெரியவரையும் கேட்டுவிட்டேன், கூப்பிட்டால் வருகிறோம் என்றார்கள். ஆலைக்காரரும் பட்டறைக்காரரும் ஒரே மேஜையில் நின்று சொல்லிக் கொடுத்தால், இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கல்லூரிக்கும் கிடைக்காத ஒன்று நம் மாணவர்களுக்குக் கிடைக்கும்.

முதல் வகுப்புக்கு நானும் தம்பியும் வருகிறோம். விருப்பமுள்ள மாணவ மாணவியர், கூட்டம் முடிந்ததும் வாசலில் வைத்திருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். வரும்போது ஆளுக்கு ஒரு நோட்டும் பழைய வேட்டித் துணியும் கொண்டு வந்தால் போதும்.